வலிக்காத இடம்

பிப்ரவரி 6

அப்பா,

நல்லா இருக்கீங்களான்னு கேக்க மாட்டேன். ஜெயில்ல யாரு நல்லா இருப்பா. இந்த லெட்டரப் பிரிச்சுப் படிச்சுட்டு அப்புறமா உங்ககிட்ட குடுக்கப் போற சார் யாரோ, அவருக்கும் ஒரு வணக்கம். சார், இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. எங்கம்மாவோட சுகர் கதைதான்.

அம்மாவுக்கு இன்சுலின் போடுறது இப்ப நான்தான். கீழ் வீட்டு டெய்லரக்கா கொஞ்ச நாள் வந்து போட்டாங்க. அப்புறம் "எனக்குக் கை நடுங்குது தம்பி"ன்னு கழண்டுக்கிட்டாங்க. அம்மாவே போட்டுக்கலாம்னா, அந்த ஊசிப் பேனாவுல அளவு காட்டுற நம்பர் அவங்க கண்ணுக்குத் தெரியல. அவங்களுக்கு நாலும் ஒண்ணுதான், நாப்பதும் ஒண்ணுதான்.

நான் குத்தினா கத்துறாங்க. மாடிப்படி வரைக்கும் கேக்குது. "உங்கப்பா போட்டா கொசு உக்காந்த மாதிரி இருக்கும். நீ என்னடா கடப்பாரையால குத்துற"ங்குறாங்க. நேத்து ரெண்டு கையாலயும் வயித்த மறைச்சுக்கிட்டு, "எனக்கு வேணாம், அவரு வந்து போடட்டும்"னு அடம். "அவரு வர இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கும்மா"ன்னேன். அழுதுட்டாங்க. சொல்லியிருக்கக் கூடாது. ஆனா பொய் இல்லையே.

எப்படிப் போடுவீங்க? எழுதுங்க. சீக்கிரம்.

காலேஜப் பத்தி மறுபடி ஆரம்பிக்காதீங்க. நீங்க பஸ்ஸ அந்தப் பெரியவர் மேல விட்டதுக்கும் நான் காலேஜ விட்டதுக்கும் சம்பந்தமே இல்ல. கேஸுக்கு முன்னாடியே எனக்கு அங்க உக்கார முடியல. இப்ப பார்சல் கொண்டு போய்க் குடுக்குற வேலை. நாள் பூரா வண்டியில சுத்தலாம். யாரும் ஒழுங்கா உக்காருடான்னு சொல்றதில்ல.

வண்டு

———

பிப்ரவரி 13

என் அன்பு வண்டுக்கு,

அப்பா ஆயிரம் ஆசிகளுடன் எழுதுவது. நான் இங்கே நலம். உங்கள் இருவர் நலம்தான் எனக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம். உன் கோழிக்கிறுக்கலைப் படிக்க முடியாமல், கடிதம் பிரிக்கிற ஐயா என்னையே கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். உன் வணக்கம் அவருக்குச் சேர்ந்துவிட்டது. சிரித்தார்.

ஊசி விஷயம். பொறுமையாகப் படி. நுனிப்புல் மேயாதே.

கையைக் கழுவு. பேனாவை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டு. உள்ளே மருந்து அடி தங்காமல் ஒரே வெள்ளையாகக் கலங்க வேண்டும். முதலில் இரண்டு யூனிட் காற்றில் விட்டுப் பார். முனையில் ஒரு சொட்டு வந்தால் சரி. காலையில் நாற்பது, ராத்திரி முப்பது. அழுத்தியதும் உருவிவிடாதே, பத்துவரை எண்ணு. உன் பத்து இல்லை, என் பத்து. ஊசிமுனையை வாரத்துக்கு ஒன்று மாற்றினால் போதும்.

இப்போது முக்கியமானது. ஆரம்பத்தில் அவளும் அப்படித்தான், பேனாவை எடுத்தாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். பார்க்கச் சகிக்காது எனக்கு. அங்கே இங்கே போட்டுப் பார்த்துக் கடைசியில் ஓர் இடம் கண்டுபிடித்தேன். தொப்புளுக்கு இடப்பக்கம், விரலால் தடவினால் கொஞ்சம் மேடாக, மெத்தென்று இருக்கும். அங்கே போட்டால் அவளுக்குத் தெரியவே தெரியாது. பேசிக்கொண்டே இருப்பாள். ஏழு வருடமாக அங்கேதான் போட்டேன்.

சர்க்கரை இறங்கவில்லையே என்று பதறாதே. டாக்டரும் இருபதில் ஆரம்பித்து நாற்பதுவரை ஏற்றிப் பார்த்துவிட்டார். அவள் உடம்புவாகு அப்படி.

காலேஜைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க மாட்டேன். ஆனால் வண்டியைப் பார்த்து ஓட்டு. இதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லைதான்.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டு.

உன் அப்பா

———

மார்ச் 4

அப்பா,

மொதல்ல நல்லத சொல்லிடுறேன். நீங்க சொன்ன இடத்துல போட்டேன். சண்டையே இல்ல. அம்மா பாட்டுக்குக் கீழ் வீட்டு அக்காவப் பத்திப் புறணி பேசிக்கிட்டே இருந்தாங்க, நான் போட்டு முடிச்சதே தெரியல. "இப்பதான்டா நீ அவரு புள்ள"ன்னாங்க. நான் கூட ஆடிப் போயிட்டேன், சும்மா சொல்லக் கூடாது.

இப்ப கெட்டது. கால் விரல்ல ஒரு புண்ணு ஆற மாட்டேங்குதுன்னு இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சுகர் முன்னூத்தி எழுபது. அங்க ஒரு நர்சக்கா. அம்மா வயித்த விரலால அழுத்திப் பாத்துட்டு என்னைய ஒரு மொற மொறச்சாங்க.

"யாரு போடுறது?"

"நான்தான்க்கா."

"தெனமும் இங்கயேவா?"

"அப்பா காட்டுன இடம். அங்க வலிக்காது."

"வலிக்காதுதான்டா. அது கட்டி. ஒரே இடத்துல குத்திக் குத்தி, போட்ட ஊசியையே திருப்பித் திருப்பிப் போட்டு, கொழுப்பு தடிச்சுப் போய் கிடக்கு. மருந்து அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். ரத்தத்துக்கு எப்படி ஒழுங்காப் போகும்?"

அம்மா அந்தக்காகிட்ட சண்டைக்கே போயிட்டாங்க. "எங்க வீட்டுக்காரர் தப்பா எதுவும் செய்ய மாட்டாரு"ன்னு. கோர்ட்டுலயும் இதத்தான் சொன்னாங்க.

அப்பா, ஏழு வருஷமா நீங்க அம்மாவுக்கு மருந்து போடல. அந்தக் கட்டிக்குத் தீனி போட்டிருக்கீங்க. அவங்க கண்ணு போனது, இப்ப கால் விரலு, எல்லாம் எதுக்கு? அவங்க முகம் சுளிச்சா உங்களுக்குத் தாங்காதுன்னா? நல்லா வாயில வருது. படிக்கிற சாருக்காக எழுதாம விடுறேன்.

இனி தினம் இடத்த மாத்தணுமாம். ஒரு தடவைக்கு ஒரு ஊசியாம். "ஆனா டாக்டரப் பாக்காம மாத்தாத, அளவும் குறைக்கணும், அவரு திங்கக்கிழமதான் வருவாரு. இரு, வேற டாக்டருக்கு போன் போட்டுக் கேக்குறேன்"னாங்க. வண்டி நெறைய பார்சல், ஆபீஸ்லேர்ந்து போன் மேல போன். அந்தக்கா போனக் காதுல வச்சுக்கிட்டு நிக்கிறாங்க நிக்கிறாங்க, யாரும் எடுக்கல. நான் கெளம்பிட்டேன். திங்கக்கிழம வரைக்கும் அந்தக் கட்டியிலயே போடச் சொல்றாங்களா? முன்னூத்தி எழுபது இருக்குற ஆளுக்குக் குறைச்சு வேற போடணுமாம்!

இப்பதான் வலது பக்கம் போட்டேன், நல்ல தோல்ல, புது ஊசியில. முப்பது. கத்தினாங்க. கத்தட்டும். காலைல பாருங்க எப்படி எறங்குதுன்னு.

வண்டு

———

மார்ச் 8

வண்டு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. கோபமெல்லாம் அப்புறம் படு, வாங்கிக்கொள்கிறேன். இதை முதலில் படி.

இங்கே மருத்துவ அறையில் இருக்கும் கம்பவுண்டரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். நர்ஸ் சொன்னது சரி என்கிறார். கட்டியில் போட்டுப் பாதிகூட வேலை செய்யாததால்தான் நாற்பதுவரை ஏறியது. நல்ல இடத்தில் அதே நாற்பது போட்டால் முழுசாக வேலை செய்யும். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேள். நீயாக ஒன்றும் முடிவு செய்யாதே. அவளைத் தனியாக விடாதே. வியர்த்தாலோ, கை நடுங்கினாலோ, உளறினாலோ, உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடு. விழிப்பாக இருந்தால் மட்டும். பார்சல் எங்கேயும் ஓடிப் போய்விடாது.

எனக்கு வாரத்துக்கு ஒரு போன்தான். முந்தாநாள் சனிக்கிழமை மூன்று தடவை அடித்தேன். மணி போகிறது, எடுப்பார் இல்லை. அப்போது இந்தக் கடிதம் வரவில்லை. நீ வேலையில் இருப்பாய் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். இன்று மறுபடி ஒரு போனுக்குக் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மனு எழுதிக் கொடு என்கிறார்கள்.

என் மேல் தப்பு. எல்லாம் என் மேல் தப்பு. நீ அவளைப் பார்.

அப்பா

———

மார்ச் 16

அப்பா,

உங்க லெட்டர் வாசக்கதவுக்கு அடியில கிடந்துச்சு. அம்மாவுக்குத் துணி எடுக்க வந்தப்ப பாத்தேன்.

நான் போன லெட்டர எழுதி முடிச்சதுக்கு மறுநாளே நடந்துடுச்சு. காலைல சுகர் பாக்கல. நேரமாச்சுன்னு நாப்பது போட்டேன். இடது தொடையில. "பசிக்கலடா, ஒரு மாதிரி படபடன்னு வருது"ன்னாங்க. "ஊசிக்குப் பயந்து நாடகம் போடாதீங்க"ன்னு சிரிச்சேன். தட்டுல சாப்பாடு வச்சு மூடிட்டு, சாப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். சாப்பிட்டாங்களான்னு நிக்கல.

மத்தியானம் இந்தப் பக்கம் ஒரு பார்சல் இருந்துச்சு. சரி எட்டிப் பாப்போம்னு வந்தேன். குழாய் தொறந்தபடி கிடக்குது, சமையக்கட்டு முழுக்கத் தண்ணி. அதுல அம்மா. தூங்குற மாதிரி குறட்டை விட்டுக்கிட்டு. துணி தொப்பலா நனைஞ்சிருந்துச்சு, குழாய்த் தண்ணியா வேர்வையான்னு தெரியல. தட்டு மூடினது மூடினபடி.

டெய்லரக்கா சக்கரத் தண்ணியக் கலக்கி வாயில ஊத்தப் போனாங்க. ஆம்புலன்ஸ் ஆள் அத்தனை படியையும் தாவி வந்து தம்ளரத் தட்டி விட்டாரு. "நெனவு இல்லாதவங்களுக்கு ஊத்துனா நுரையீரலுக்குப் போயிடும்மா"ன்னு. கையில குளுக்கோஸ் ஏத்தினாங்க. கொஞ்ச நேரத்துல சுகர் சரியாயிடுச்சு. அம்மாதான் வரல.

மூச்சு இருக்கு. ரெண்டு நாள் கழிச்சுக் கண்ணத் தொறந்தாங்க. ஆனா ஆளு இல்ல. ரொம்ப நேரம் மூளைக்குச் சக்கரையே போகலையாம். "திரும்ப எவ்ளோ வரும்னு சொல்ல முடியாது தம்பி"ன்னாரு டாக்டரு. முகத்தப் பாத்தா சொல்லத் தெரிஞ்சுது, அவருக்குச் சொல்ல மனசு வரல.

சனிக்கிழம நீங்க போன் பண்ணினப்ப பாத்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து போனக் கையில வச்சுக்கிட்டு, அடிச்சு ஓயுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தேன். மூணு தடவையும்.

அந்த நர்சக்கா வார்டுக்கு வந்தாங்க. ஏன் காத்திருக்கலன்னு கேக்கவே இல்ல. கேட்டிருக்கலாம்.

வண்டு

———

மார்ச் 24

என் கண்ணான வண்டுக்கு,

இரண்டு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உன்னைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்துப் பிரித்திருப்பாய். திட்ட எனக்கு வாய் இல்லையடா. நீ ஒரு நாள் அவசரப்பட்டாய். நான் ஏழு வருடம் நிதானமாகச் செய்தேன்.

சாப்பிடு. குளி. ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடக்காதே. டெய்லரம்மாவை முறை வைத்து வரச் சொல், நல்ல மனுஷி.

அம்மாவின் காதருகில் போய் என் பேரைச் சொல்லிப் பார்த்தாயா? ஏதாவது தெரிகிறதா? எழுது.

மனைவி உடம்பைக் காரணம் காட்டிப் பதினைந்து நாள் பரோலுக்கு மனுப் போட்டிருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். நான் வந்து தங்க உனக்குச் சம்மதமா என்று கேட்பார். சம்மதம் என்று சொன்னால் போதும், விடுவார்கள். நான் வந்து அவளைப் பார்த்துக்கொள்கிறேன். நீ கொஞ்சம் தூங்கு. என் குரல் கேட்டால் அவள் திரும்புவாள் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றிக்கொண்டே இருக்கிறது.

உன் அப்பா

———

ஏப்ரல் 25

அப்பா,

அம்மாவ வீட்டுக்குக் கொண்டு வந்தாச்சு. நான் வேலைய விட்டுட்டேன். டெய்லரக்கா அவங்க தைக்கிற துணிக்குக் காஜா எடுக்கவும் பட்டன் தைக்கவும் குடுக்குறாங்க. வீட்லயே உக்காந்து செய்றேன். ஆமா, உக்காந்துதான்.

இன்சுலின பாதிக்கும் கீழ குறைச்சுட்டாங்க. போடுறதுக்கு முன்னாடி சுகர் பாத்துடுறேன். சாப்பாடு எதிர்ல வந்தப்புறம்தான் பேனாவ எடுப்பேன். வயிறு, தொடை, வலது, இடதுன்னு தள்ளித் தள்ளிப் போடுறேன். தடவைக்கு ஒரு புது ஊசி, கழட்டுனதெல்லாம் கெட்டி பாட்டில்ல போட்டு ஆஸ்பத்திரியில குடுத்துடுறேன். நர்சக்கா வந்து பாத்துட்டு, "இப்பதான் சரியாப் போடுற"ன்னாங்க. இப்ப.

நீங்க கேட்டதுக்குப் பதில். உங்க பேரக் காதுல சொன்னேன். ஒண்ணுமில்ல. என் பேரும் ஒண்ணுமில்ல. ஊட்டினா முழுங்குறாங்க. நாள் பூரா பேச்சே கிடையாது. ஊசி உள்ள போறப்ப மட்டும் பேசுறாங்க. "என்னங்க, வலிக்குதுங்க." அவ்ளோதான். மொத தடவ கேட்டப்ப நான் திரும்பிக் கதவப் பாத்தேன், நீங்க வந்து நிக்கிறீங்களோன்னு. அப்புறம்தான் புரிஞ்சுது. ஊசி போடுற கை எதுவோ அதுதான் அவங்களுக்கு நீங்க.

ஸ்டேஷன்லேர்ந்து வந்தாரு. "உங்கப்பா பரோல்ல வந்தா வச்சுக்குவியா?"ன்னாரு. முடியாதுன்னேன். "கோவமாப்பா?"ன்னு கேட்டாரு. இல்ல சார்னேன். என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.

நெசமாவே கோவம் இல்லப்பா. நேத்து காலைல "என்னங்க, வலிக்குதுங்க"ன்னு சொல்றப்ப அவங்க கண்ணு ஓரமாத் தண்ணி இறங்குச்சு. சாயங்காலம் பேனாவ எடுத்தேன், கை தானா அந்தக் கட்டி இருக்குற இடத்துக்கே போச்சு. தெரிஞ்சேதான் போட்டேன். ஒரு சத்தம் இல்ல. சுவத்தப் பாத்துக்கிட்டு அமைதியா இருந்தாங்க, எனக்கும் மனசு அப்பாடான்னு இருந்துச்சு. இன்னைக்குக் காலைல சுகர் நானூத்திச் சொச்சம்.

நீங்க வந்தா ஒரு நாள் தாங்க மாட்டீங்க. எனக்குத் தெரியும், இப்ப எனக்கு நல்லாவே தெரியும். இந்த வீட்ல அப்படி ஒரு கை ஏற்கெனவே இருக்கு. அதக் கட்டிப் போடவே எனக்கு முடியல. ரெண்டாவது வேணாம். வெளிய வந்தப்புறமும் வேற எங்கயாவது இடம் பாத்துக்குங்க. லெட்டரும் போடாதீங்க. நான் வாசிச்சுக் காட்டுறதும் இல்ல, அவங்க கேக்குறதும் இல்ல.

தட்டுல சாப்பாடு வச்சாச்சு. சுகர் பாத்தாச்சு. இன்னைக்கு வலது தொடை.

வண்டு