என் பெயர் எழுதிய நாற்காலி

அன்புள்ள அக்கா,

டால்டனைத் திருமணம் செய்யப்போவதில்லை, சிகாகோவில் உன்னிடமே வந்துவிடப்போகிறேன் என்று நான் அன்று அவன் வீட்டாரிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் ஜூலை நாலாம் தேதி ஊர்வலத்துக்கே போனேன்.

வழக்கம்போல அவர்கள் முந்தின நாளே, ஊர்வலம் பார்க்க, தெருவோரத்தில் நாற்காலிகளைப் போட்டு இடம் பிடித்திருந்தார்கள். புதிதாக இருந்த ஒன்றின் முதுகில் அவன் அம்மா வெள்ளைப் பெயின்ட்டில் என் பெயரை எழுதியிருந்தார்.

“சுதந்திர தினத்துக்கு இனி எந்த வருஷமும் உனக்கு இடம் தேட வேண்டாம், கண்ணு.”

“பெயின்ட் இன்னும் காயல. உட்கார்ந்தா அவ்வளவுதான், எந்திரிக்கவே முடியாது,” என்றார் அவன் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உட்கார்ந்தேன்.

ஊர்வலத்தில் வந்த தீயணைப்பு வண்டியின் மேலிருந்து டால்டன் எனக்கென்று கை நிறைய மிட்டாய் வீசினான். என் காலடியில் குழந்தைகள் முட்டி மோதிப் பொறுக்கினார்கள்.

எனக்காக ஒழித்து வைத்த அறையை வாடகைக்கு விட்டுவிடு.

ஊர்வலம் முடிந்ததும் அந்த நாற்காலியை மடித்து, அவர்கள் வீட்டுக் கார் கொட்டகைச் சுவரில் அவர்கள் மூவரின் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

உன் தங்கை