இடது கீழ் மூலை

மார்ச் 4
தங்கை மகளுக்குப் பள்ளியில் ‘என் பெரியம்மாவின் வேலை’ என்று எழுத வேண்டுமாம். சொன்னேன்: இரும்புச் சட்டத்தில் கேமராவைக் கட்டி, முன்னால் ஒரு பையில் நறுக்கிய மத்தியைத் தொங்கவிட்டுக் கடலடியில் இறக்குவார்கள். வாசனைக்கு வருகிற மீன்களை நான் திரையில் எண்ணுவேன். போன மீனே திரும்பி வரலாம்; அதனால் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை தெரிகிறது என்பதுதான் கணக்கு.
“அப்போ மீன் டிவி பாக்குற வேலையா?” என்றாள்.
ஆமாம்.

மார்ச் 7
தெற்குப் பாறைத்திட்டில் மீன்பிடிக்கத் தடை போட்டு ஆறு வருடம். ஐந்து வருடம் ஏறிய களவா மீன் எண்ணிக்கை, கடைசி ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மேலாளர் அட்டவணையைப் புரட்டினார். “தடை போட்டும் பிரயோஜனமில்ல. மாசக் கடைசியில, திறந்துவிடலாம்னு எழுதிடறேன்.”
அட்டவணை என்னுடையது. மறுக்க ஒன்றுமில்லை.

மார்ச் 11
வாத்தியார் வருடாந்தர வழக்கப்படி என் காணொளிகளில் பத்தை மறுபடி எண்ணினார். (கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு இங்கே வந்தவர், பெயர் ஒட்டிக்கொண்டது.) ஒன்பதில் அவர் எண்ணிக்கை கூடுதல்.
“நிழலையும் சேர்த்து எண்ணுறீங்க வாத்தியாரே,” என்றேன்.
“நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே பாப்போம்,” என்றார்.

மார்ச் 12
இருவரும் சேர்ந்து பார்த்தோம். நான் நான்கு களவா என்றேன். அவர் ஆறு. படத்தை நிறுத்தினார்.
“கீழ, இடது மூலையில. வாலை ஆட்டிக்கிட்டு நிக்குதேம்மா.”
மணல்தான் இருந்தது. தலையை அந்தப் பக்கம் திருப்பினேன். இரண்டும் நின்றன.
நேராகப் பார்த்தேன். மணல்.
ஓட்டை இல்லை, இருட்டு இல்லை. வெறும் மணல். அப்போ இத்தனை நாளா நான் எதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்?

மார்ச் 14
கண் மருத்துவர்: “ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. தலையை ஸ்கேன் பண்ணிடுங்க.”

மார்ச் 16
மூளையின் பின்பக்கம் சிறிய ரத்த அடைப்பு. பழையது. பார்வையில் அந்த மூலை போய்விட்டது. தெரியாத இடத்தை மூளையே பக்கத்தில் இருப்பதைக் கொண்டு நிரப்பிவிடுமாம். “எப்ப நடந்துச்சு? மயக்கம், தலைசுத்தல் ஏதாவது?” என்று மருத்துவர் கேட்டார். எனக்கு நினைவில்லை. தங்கைதான் அழுதாள். மாத்திரை தந்திருக்கிறார்கள். கார் ஓட்டக் கூடாது.

மார்ச் 17
அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும்? திட்டைத் திறப்பார்கள். அவ்வளவுதான். அவ்வளவுதானா?

மார்ச் 18
சொல்லிவிட்டேன். களவா தரையை ஒட்டி நிற்கிற மீன், எனக்குத் தெரியாததும் கீழ் மூலை, என் எண்களை நம்ப வேண்டாம் என்று.
மேலாளர் பேனாவை மூடினார். “எத்தனை மாசக் கணக்கைக் குப்பையில போடணும்?”
“தெரியல சார். எப்பத்திலேர்ந்துன்னே தெரியல.”
அட்டவணையை ஓரமாகத் தள்ளினார். பிறகு, “ஒடம்பு எப்படி இருக்கு?” என்றார். அதற்குத்தான் அழுதுவிட்டேன். என்ன வெட்கக்கேடு.
அறிக்கையை நிறுத்தி வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 9
வாத்தியார் மூன்று வாரமாகப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தார். இன்று என் மேசைக்கு வந்து ஒரு தாளை வைத்தார்.
“போன ஜூன் 12. காலையில நீங்க எண்ணுனது எல்லாம் எனக்குச் சரியா வருது. மத்தியானத்துலேர்ந்து குறையுது.”
வீட்டுக்கு வந்து பழைய டைரியை எடுத்தேன். ஜூன் 12: ‘சாப்பாட்டுக்குப் பிறகு தலைவலி. மாத்திரை போட்டேன். மேலும் நான்கு காணொளி முடித்தேன்.’
கையெழுத்து நேராகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 10
மருத்துவரிடம் தேதியைச் சொன்னேன். எப்படித் தெரிந்தது என்றார். மீன் சொல்லிற்று என்றேன். குறித்துக்கொண்டார்.

மே 2
திருத்திய அறிக்கை போயாயிற்று. களவா குறையவில்லை, முந்தைய ஆண்டைவிடச் சற்று அதிகம். தடை இன்னும் மூன்று வருடம் நீடிக்கிறது. ஜூன் 12 பிற்பகலிலிருந்து ‘எண்ணியவர்’ கட்டத்தில் என் பெயருக்குப் பதில் வாத்தியார் பெயர் இருக்கிறது. அதுதான் முறை.
எனக்கு இப்போது மீன்களின் நீளம் அளக்கிற வேலை. நிறுத்தி வைத்த படம். மீன் எங்கும் ஓடாது, தலையைத் திருப்பித் திருப்பித் தேடலாம். இன்று நாற்பத்தொரு களவா அளந்தேன். ஒன்றையும் விடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
சரிபார்க்க வாத்தியாரிடம் கொடுத்திருக்கிறேன்.