அரிசி மூட்டை என்றார்

கார்த்திகை 4, வியாழன்.

இன்னிக்கு வீடியோ கால்ல அவர் முதுகுக்குப் பின்னால மூட்டை மூட்டையா அடுக்கியிருந்துச்சு. "இன்னாங்க அது?"ன்னு கேட்டேன். "அரிசி"ன்னார். பட்டாளத்துக்காரர் பொண்டாட்டிக்கு மணல் மூட்டை தெரியாதா?

ரிட்டயராகி ஒரகடத்துல கம்பெனி கேட்ல செக்யூரிட்டியா இருந்தவரை, வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குக் காவல்னு சொல்லித்தான் ஏஜென்ட் கூட்டிக்கினு போனான். எந்த ஊர்னு நான் கேக்கலை. சர்வீஸ்ல இருந்த இருபது வருஷமும் கேட்டதில்லை, கேக்கக் கூடாதுன்னு பழகிட்டேன். இந்த ஒரு தடவை கேட்டிருக்கணும். இப்போ எந்த நாட்டுச் சண்டையில, யாருக்காகத் துப்பாக்கி பிடிக்கிறாரோ.

"அரிசி நல்லா வேகுதா?"ன்னேன். பின்னால இருந்த மூட்டையை ஒரு தடவை திரும்பிப் பாத்தார். அப்புறம், "உன் கைச்சோறு மாதிரி வராதுடி"ன்னார்.

லைன் கட்டாகிற வரைக்கும் ரெண்டு பேரும் அரிசியைப் பத்தியே பேசினோம்.