சுந்தரிக்குப் போட்ட டேக்

பிப்ரவரி 3, திங்கள்

ஆபீசுக்குப் போகும் வழியில் இன்றைக்கும் சுந்தரி. பழைய மிளகு குடோன் படியில் ஜம்மென்று உட்கார்ந்து சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். படம் எடுத்தேன், போட்டேன். என் இன்ஸ்டா பக்கத்தில் என் முகம் கிடையாது, பெயரும் கிடையாது. ஆடு மட்டும்தான். அப்படி இருந்தால்தான் எனக்குக் கை வரும்.

எல்லாப் படத்துக்கும் #மட்டாஞ்சேரிஆடு. அதோடு ஒவ்வொரு ஆட்டுக்கும் தனி டேக். எதிர் வீட்டு பாப்பாக்காவின் ஆட்டுக்கு #சுந்தரிஆடு. கொம்பு உடைந்தவனுக்கு #ஒற்றைக்கொம்பன். ஆபீசில் நாள் முழுக்க பில்லைப் பிரித்துப் பிரித்து ஃபைலில் போடுகிறவளுக்கு வேறென்ன தோன்றும்? முதலில் #கொச்சி, #கேரளா என்று பெரிய டேக்காகத்தான் போட்டுப் பார்த்தேன். படகுவீட்டுக்கும் புட்டுக்கும் நடுவில் என் ஆடு எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. சின்ன டேக்தான் நல்லது. தேடினால் கிடைக்கும்.

பிப்ரவரி 5

டூரிஸ்ட்டுகளும் என் டேக்கைப் போட ஆரம்பித்திருக்கிறார்கள்! பக்கத்து சீட் சோனியாவுக்கு மட்டும்தான் அந்த இன்ஸ்டா பக்கம் என்னுடையது என்று தெரியும். "மகா, உன்னைவிட ஆட்டுக்கு ஃபேன்ஸ் அதிகம்டீ" என்றாள். நான் ஆபீசில் கணக்குப் போடும் நேரத்தில் சுந்தரி எங்கெங்கே சுற்றுகிறாள் என்று டேக்கைத் தொட்டால் வரிசையாக வந்துவிடுகிறது. கடற்கரை, சர்ச் வாசல், காய்கறிக் கடை, மறுபடியும் காய்கறிக் கடை.

பிப்ரவரி 6

ஒற்றைக்கொம்பனுக்கு இன்று லைக் அதிகம். திமிர் பிடித்த மாதிரி நடக்கிறான்.

பிப்ரவரி 8, சனி

போச்சு.

காலையில் காய்கறிக் கடை ஷாஜி சேட்டன் போனோடு பாப்பாக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். நாங்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்.

"பாப்பா சேச்சி, இதைப் பாரு. இது என் கடை. இது என் கீரை. இது உன்டே ஆடு. அடுத்தது பாரு, என் பயறு. உன்டே ஆடு." விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். படம் தீரவில்லை. எல்லாம் #சுந்தரிஆடு.

"ஆடுன்னா நாலு இலையைக் கடிக்கத்தான் செய்யும். உன் வீட்டு ஆடு என்ன, விரதமா இருக்கு?"

"எங்க பொன்னி மைதானத்துப் புல்லைத் தவிர ஒண்ணுலயும் வாய் வைக்காது. கேட்டோ, நாளை முதல் இதைக் கட்டிப் போடணும். இல்லேங்கில் நான் கார்ப்பரேஷன்ல சொல்லுவேன்."

எங்கே கட்டுவது? பாப்பாக்காவுக்கு ஒரே அறை. கதவைத் திறந்தால் ரோடு. ஹோட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு வந்தால் அவள் பேசுவதற்கு இருப்பதே சுந்தரி மட்டும்தான். அம்மாவிடம் சொன்னாள்: "இடக்கொச்சியில என் கொழுந்தன் தங்கையா ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கான். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து ஓட்டிட்டுப் போகட்டும்." அப்புறம், "எந்த மூதேவி இப்படிப் போட்டோ எடுத்துப் போட்டுச்சோ" என்றாள்.

அந்த மூதேவி கையில் சாயா கிளாசோடு அங்கேதான் நின்றது.

அப்பா உள்ளே வந்து சொன்னார்: "இந்தத் தெருவில் ஆட்டை விரட்டுவாங்க. அதோட சரி. யாரு ஆடுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. கேட்டா அடுத்தாப்ல நம்ம ஆட்டைக் கேப்பாங்கல்ல." எங்களிடம் ஆடே இல்லை. ஆனாலும் விஷயம் அதுதான். யாரும் கேட்காத ஒன்றை நான் தேடினால் கிடைக்கிற மாதிரி அடுக்கி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சுந்தரி படங்கள் எல்லாவற்றையும் அழித்தேன். என்ன பிரயோஜனம்? ஷாஜி சேட்டன் காட்டியதில் பாதிக்கு மேல் டூரிஸ்ட்டுகள் போட்டது. அவர்கள் படத்தில் நான் கை வைக்க முடியாது. டேக்கைப் போட்டது நான் என்பதற்காக அது என்னுடையதா? ரோட்டில் விட்ட ஆடு மாதிரிதான் அதுவும்.

மத்தியானம் பாத்திரம் துலக்கும்போது ஒன்று தோன்றியது. பெரிய டேக்கில் என் ஆடு காணாமல் போனதே — இந்தச் சின்ன டேக்கையே பெரிசாக்கினால்?

"கொச்சியில் எந்த ஆட்டைப் பார்த்தாலும் அவள் சுந்தரிதான். படம் எடுங்கள், #சுந்தரிஆடு போடுங்கள்" என்று எழுதினேன். முன்பின் தெரியாதவர்களிடம் நான் ஏதாவது கேட்பது இதுதான் முதல் தடவை. போட்டுவிட்டு போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஊரே சுந்தரி. இடப்பள்ளி மாலில் ஒரு பொம்மை சுந்தரி. தாடி வைத்த காலேஜ் பையன் ஒருவன், அவன் நண்பர்கள் போட்டது, அதுவும் சுந்தரி. ஒரு பிரியாணித் தட்டும் வந்தது. அதற்கு மட்டும் என்னால் லைக் போட முடியவில்லை.

சாயங்காலம் கடைப்பக்கம் போனேன். ஷாஜி சேட்டன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "இப்போ தேடினா ஊரில் உள்ள ஆடு முழுக்க வருது. சாரமில்ல, போகட்டும். எனக்குத்தான் பாப்பா சேச்சியோட ஆட்டைத் தெரியுமே, இனி படம் எதுக்கு?"

அதானே. அவர் பார்த்ததை அவர் மண்டையிலிருந்து எந்த டேக்கும் எடுக்காது. டிகிரி வாங்கி என்ன புண்ணியம்?

பாப்பாக்கா சுந்தரியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அனுப்புவதற்கு முன்னால் சுத்தமாக இருக்கட்டுமாம். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பஸ்ஸில் டேக்கைப் புரட்டிக்கொண்டு வந்தேன். பெங்களூர்க்காரி ஒருத்தி போட்ட படம். எங்கள் தெருமுனை செல்லப்பா அண்ணனின் பூக்கடை. அண்ணன் திரும்பி நின்று சாயா குடிக்கிறார். கூடைக்குள் ஒரு ஆட்டுத் தலை, வாயிலிருந்து மல்லிகைச் சரம் தொங்குகிறது. கழுத்தில் நீலப் பாசிமாலை.

பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த மாலையை ஷாஜி சேட்டனின் மகள் கோத்துக் கட்டிவிட்டபோது நான் அங்கேதான் நின்றேன். இது பொன்னி.

இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

தக்காளி வாங்கப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்து, கடை வந்ததும் எல்லாம் மறந்துபோனது. போனை மட்டும் நீட்டினேன்.

அவர் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, படத்தை மறைப்பது போல போன்மேல் கை வைத்தார்.

"இது யாரு மோளே போட்டது?"

"யாரோ டூரிஸ்ட், சேட்டா."

"செல்லப்பா கண்டோ?"

"இல்ல. ஆனா தேடினா கிடைக்கும்."

இதைச் சொன்னது நான்தானா? நான்தான். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது, ஆனால் வந்தது.

வெகுநேரம் தக்காளியை எடை போட்டார். பொறுக்கிப் பொறுக்கி நல்லதாகப் போட்டார். "பாப்பா சேச்சிகிட்ட நான் பேசிக்கறேன். கட்டல் ஒண்ணும் வேண்டா." கொத்தமல்லி ஒரு கட்டு சும்மா வைத்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தங்கையா கயிறோடு வந்தார். பாப்பாக்கா அவருக்கு சாயாவும் பழம்பொரியும் கொடுத்து, கயிறோடேயே அனுப்பிவிட்டாள்.

பிப்ரவரி 19, புதன்

ஷாஜி சேட்டன் இப்போது காலையில் கோஸின் வெளி இலைகளைக் கடையோரம் இரண்டு குவியலாகப் போடுகிறார். ஒன்றில் பொன்னி, ஒன்றில் சுந்தரி. அது முடிந்த பிறகுதான் கீரைக்கூடையைத் திறக்கிறார்.

சுந்தரி அங்கிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து போனை எடுத்தேன். பாப்பாக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையே நிமிரவில்லை.

"அந்தப் பக்கமா எடுக்காத மகா. அங்க முடி உதிர்ந்திருக்கு. இந்தப் பக்கம் வா."

போனேன்.