பிடித்துத் தைத்த ஜாக்கெட்

மார்ச் 4

தம்பிக்கு,

நலம்தானே? இங்கே எல்லாம் அப்படியே. அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. படகு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. என் பெயருக்கு மாற்ற, இன்னொரு வாரிசான நீ ‘ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். படிவம் உள்ளே. பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் போடு.

பதிவு முடியும் வரை படகைக் கரையிலிருந்து நகர்த்தக் கூடாது. தையல் கடையைப் பூட்டியதும் போய்ச் சும்மா அதில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பைத்தியம் என்றால் சொல்லிக்கொள்.

விடுமுறைக்கு உன் மகளை அனுப்பு. அவளுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கியாயிற்று. அந்தச் சுண்டெலிக்குக் கடை அளவு எங்கே பொருந்தும்? இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருக்கிறேன். கச்சிதமாக இருக்கும்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

படிவம் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.

விற்றுவிடேன். நீ அதைத் தனியாக ஓட்டுவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. மகளை அனுப்புவது பற்றி என் மனைவியிடம் பேசவே இல்லை. பேசினால் சரி என்று சொல்லிவிடுவாள்.

கோபித்துக்கொள்ளாதே.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

கோபம்தான். அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

பதிவுக்காகப் படகைச் சோதிக்க வந்தார்கள். ஆய்வாளர் உன்னைவிடச் சின்னப் பெண். முழங்கால் வரை நனைந்த பேன்ட். தீயணைப்பான், விசில், துடுப்பு எல்லாவற்றையும் பார்த்தாள். சரி, சரி, சரி. பிறகு சின்ன ஜாக்கெட்டை எடுத்துத் தையலைத் தடவினாள்.

“யாரு தைச்சது?”

“நான்தாம்மா, என் தம்பி மகளுக்கு. எப்படி இருக்கு?”

“ரொம்ப அழகா இருக்குக்கா. உள்ள இருந்த பஞ்சு எங்க?”

“ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டினேன். புடைச்சுக்கிட்டு இருந்துச்சு.”

“மிதக்க வைக்கிறதே அந்தப் பஞ்சுதான்.”

புது ஜாக்கெட் வரும்வரை அனுமதி இல்லை என்று படகையே நிறுத்திவைத்துவிட்டாள். நான் விடவில்லை. “இந்த ஒண்ண வீட்டுலயே வச்சிட்டு வந்திருந்தா பாஸ் ஆகியிருக்குமே” என்றேன்.

“ஆகியிருக்கும். அப்புறம் உங்க மருமக இதைத்தான் போட்டிருப்பா.”

போகும்போது சொன்னாள்: “ஜாக்கெட்டை மார்பளவு பார்த்து வாங்காதீங்க. போடுறவங்க எடை பார்த்து வாங்குங்க.”

என் தையலில் இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. அவள் சொன்னாள். என்ன பெண்!

இதை உனக்கு எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதினால் கையெழுத்து வராது என்று தெரியும். ஆனால் போட்டுக்கொள்ள இருந்தது உன் பிள்ளை.

வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதென்று அந்த ஜாக்கெட்டைக் குறுக்கே வெட்டிப் போட்டுவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

முதல் நாள் உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள்தான் மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

“தன் தப்பைத் தானே எழுதி அனுப்புறாங்க. அவங்க ஓட்டுற படகுல ஏற மாட்டீங்க. தினமும் ஆபீசுக்கு பஸ் படியில மட்டும் தொத்திக்கிட்டுப் போவீங்க” என்றாள்.



என் அலுவலகத்தில் ஒரு தவறு நடந்தால், அது யார் தலையில் விழும் என்றுதான் முதலில் பார்ப்போம். நானும்தான். நீ முதலில் பார்த்தது என் பிள்ளையை. ஒரு வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை.

கையெழுத்துப் போட்ட படிவம் உள்ளே.

புதிதாக இரண்டு ஜாக்கெட் வாங்கு. இன்று மகளும் நானும் மருந்துக்கடை எடைமேடையில் ஏறிப் பார்த்தோம். அவள் இருபத்தொரு கிலோ. நான் எண்பத்தாறு. சிரிக்காதே.

தம்பி