நீல டிரம் தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உனக்கும் அப்பாவுக்கும் வயிற்றிலிருக்கும் பாப்பாவுக்கும் வணக்கம். கால் வீக்கம் வற்றியதா? இங்கே விடுதியில் நான் நன்றாகவே சாப்பிடுகிறேன்.

போன வாரம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு வேடிக்கை. விலங்கியல் டீச்சர் இரண்டு தொட்டிகளில் தலைப்பிரட்டைகள் வளர்க்கிறார். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். மற்றதில், பிளாஸ்டிக் கம்பெனிக்கு எண்ணெய் வந்த பழைய நீல டிரம்மில் கிடந்த தண்ணீர். மேலே கையை நீட்டினால், முதல் தொட்டியில் இருப்பவை நிழலைக் கண்டு சிதறி ஓடின. அடுத்த தொட்டியில் இருந்தவை அப்படியே நின்றன.

"எதுக்கும் அசையாதுடி, நம்ம வார்டனம்மா மாதிரி!" என்றாள் என் பக்கத்தில் உட்காரும் வாயாடி. எல்லோரும் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை.

"மூளை வளர உடம்பு ஒரு சுரப்பை அனுப்புது. இந்த எண்ணெய் அதே மாதிரி வேஷம் போட்டு உள்ள போயிடும். வளர்ற நேரத்துல தப்பான சேதி போனா, அப்புறம் திருத்துறது கஷ்டம்."

"மனுசக் குழந்தைக்குமா, டீச்சர்?" என்று கேட்டேன்.

"வயித்துல இருக்கறப்பதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

அம்மா, கம்பெனியிலிருந்து அப்பா கொண்டுவந்த, நாம் குடிதண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மும் அதே மாதிரி நீல டிரம்தான். சோப்புப் போட்டுக் கழுவினால் வாசனை மட்டும்தான் போகுமாம். பயப்படாதே. தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குடத்தில் பிடித்துவை. நான் சொன்னதாக அப்பாவிடம் சொல்லாதே, "படிச்ச திமிரு" என்பார்.

உன் தலையணை உறை ஒன்றை அனுப்பு. துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை. கண்ணை மூடினால் அந்தத் தலைப்பிரட்டைகள் அசையாமல் நிற்கின்றன.

மணி அடித்துவிட்டது. டிரம்மைக் கொட்டிவிட்டதாக முதல் வரியிலேயே எழுது அம்மா. மற்றதை அதற்குப் பிறகுதான் என்னால் படிக்க முடியும்.

உன் மகள்