மாமன் மாலை முகைதீனுக்கு

தாகேதா, யாங்கோன்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் கணேஷ்குமாருக்கு அப்பா எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே சரியும், ஒரு ‘ழ’ போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனால் எழுதுவது நானே. துறைமுகத்தில் மூட்டை தூக்கின கை, சம்பளத்துக்குப் பெருவிரல் உருட்டின கை, இன்றைக்குப் பேனா பிடிக்கிறது. பக்கத்து வீட்டு மக்தலேனா டீச்சர் மழைக்காலம் முழுக்க உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இத்தனை வருஷமும் நான் சொல்லச் சொல்ல உன் அக்கா ரேவதிதான் எழுதினாள், அந்தக் கழுதைக்கு எழுது என்று நான் சொன்னால் அவள் அன்புள்ள தம்பிக்கு என்று எழுதுவாள். நான் திட்டினதெல்லாம் அவள் கையில் சுகவிசாரிப்பாக மாறி உனக்கு வந்து சேர்ந்தது, நீயும் அப்பா சாது என்று நினைத்திருப்பாய். இனிமேல் நடுவில் ஆள் கிடையாது. எனக்கு இருக்கிற சந்தோஷத்துக்கு அளவில்லை.

இங்கே நானும் ரேவதியும் அவள் மகள் புஷ்பலதாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே மருமகளும் பிள்ளைகளும் நன்றாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை, ஞாயிறு காலையில் முகைதீன் தன் டீக்கடையில் போனை ஸ்பீக்கரில் போட்டதுமே அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. அமெரிக்கத் தமிழர்களுக்காக நீ நடத்துகிற அந்த ரேடியோவை இந்தத் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. இங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துபோயிருக்கலாம், கிழவர்களுக்கு மறக்கவில்லை. கரண்ட் இருந்தால் பத்துப் பேர் மீன்குழம்பு ஊற்றின மொஹிங்காக் கிண்ணத்தோடு உட்கார்ந்து கேட்கிறோம். வரி அதிகம் என்கிறாய், பள்ளிக்கூடம் கெட்டுப்போச்சு என்கிறாய், நடுவில் மூட்டுவலி மாத்திரை விற்கிறாய், பிறகு உன் தலைவரைப் புகழ்கிறாய். டெக்ஸாஸிலிருந்து ஒருவர் வாரம் தவறாமல் கூப்பிட்டு நீ சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறார், நீயும் புதிதாகக் கேட்கிற மாதிரி ஆஹா என்கிறாய். எனக்கு ஒன்றும் கோபமில்லை. நீ எந்தக் கட்சிக்குக் கொடி பிடித்தால் எனக்கென்ன. உழைக்காமல் உட்கார்ந்து தின்கிறவனை நீ திட்டினபோது நானும் தலையாட்டினேன், மகன் சரியாகத்தான் பேசுகிறான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அகதிகளை உள்ளே விடாதே, கதவைச் சாத்து, கதவைச் சாத்து என்று நீ கத்துவதைக் கேட்டு முகைதீன் மட்டும், மாமா, உங்கள் மகனுக்கு அங்கே வாட்ச்மேன் வேலையா என்றான். கடை முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன்.

போன மாதம் வரைக்கும் அப்படித்தான் போனது. அதற்கு முன்னால் உன் அக்கா உன்னிடம் அழுததை உனக்கு நினைவுபடுத்த வேண்டாம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற பட்டியலில் என் மகன் பிரேம்நாத் பெயர் வந்துவிட்டது, பிள்ளையைத் த்வாண்டேயில் ஒரு பானைச் சூளையில் மண் மிதிக்க விட்டிருக்கிறேன், நாட்டை விட்டு வெளியே எடுக்க உன் ஊர் சர்ச்சுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப்பார் தம்பி என்றாள். நீ மாட்டேன் என்றாய். அது உன் இஷ்டம், நான் அதற்குக்கூட வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த வாரமே ரேடியோவில் என்ன பேசினாய். என் சொந்த அக்கா மகன் பிரேம்நாத், யாங்கோன் தாகேதாக்காரன், எருமை மாதிரி உடம்பு, த்வாண்டேயில் பானைச் சூளைக்குப் பின்னால் ஒளிந்து கிடந்து ஓசிச்சோறு தின்கிறான், தன் நாட்டுக்கே உதவாத இவனுக்கு நம் நாடு கதவைத் திறக்க வேண்டுமாம், சொந்த ரத்தமானாலும் சட்டம் சட்டம்தான் என்றாய். டெக்ஸாஸ்காரர் கைதட்டினார். இங்கே மூலை மேஜையில், பட்டாளப் பட்டியல் எழுதுகிற வார்டு ஆபீஸ் குமாஸ்தா டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் பர்மாக்காரன், ஆனால் பெண்டாட்டி தமிழச்சி, தமிழ் நன்றாகப் புரியும். முகைதீன் சட்டென்று பால் குண்டானைக் கீழே தள்ளிவிட்டு, கண் தெரியவில்லையா என்று யாரையோ திட்டுகிற மாதிரி கத்தினான். பால் போனதுதான் மிச்சம், ஊர் பெயர் அவன் காதில் விழுந்துவிட்டது. காசு கொடுக்காமல் எழுந்து போனான்.

முகைதீன் தோளில் கிடந்த துண்டை என் மடியில் போட்டு, கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா, லத்தா கடைத்தெரு வரைக்கும் சர்க்கரை வாங்கப் போகிறேன் என்று பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனான். போனது லத்தாவுக்கு இல்லை. படகில் ஆற்றைத் தாண்டி டாலா, அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் த்வாண்டே. பிள்ளையைக் களிமண் ஒட்டின கைலியோடு பின்னால் ஏற்றி, வழியில் கேட்டவர்களிடமெல்லாம் என் தம்பி மகன், வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிக் கடத்திக்கொண்டு போயிருக்கிறான். யாரும் கிட்டே வரவில்லையாம். அன்று சாயங்காலமே ஆட்கள் ரேவதி வீட்டுக்கு வந்து பாயைப் புரட்டினார்கள், மறுநாள் சூளைக்குப் போனார்கள், அங்கே பானைதான் இருந்தது. சூளைக்காரர் ஊ தான் மௌங் என்கிற பர்மாக்காரப் பெரியவரைத் துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தார்கள். அவர் பிள்ளை போன திசையைச் சொல்லவில்லை. இப்போது அவரால் கஞ்சிதான் குடிக்க முடிகிறது. நம்மோடு ஒரு சொந்தமும் இல்லாத மனுஷர். பிரேம்நாத் நன்றாக இருக்கிறான். எங்கே என்று எழுத மாட்டேன், உனக்கு இனி எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டோம். ரேவதி உன் குரல் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள், அவளுக்கு இனி நீ போன் பண்ணாதே.

நீ முறைப்படி வந்தவன் என்று ரேடியோவில் மார் தட்டுகிறாய். அமெரிக்கா போகிறதற்கு முன்னால் கோலாலம்பூரில் போலீஸ் வந்தால் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் மூக்கு மட்டும் தெரிய நின்றேன் அப்பா என்று போனில் சிரித்தவன் யார். அகதி என்று அட்டை வாங்கினவன் யார். சர்ச்சில் கொடுத்த பழைய கோட்டும் அரசாங்கம் கொடுத்த சாப்பாட்டு அட்டையுமாக முதல் வருஷத்தை ஓட்டினவன் யார். ஒளிந்ததையோ வாங்கித் தின்றதையோ நான் குற்றம் சொல்லவில்லை, உயிர் பிழைக்க எல்லாரும் அதைத்தான் செய்வார்கள், செய்தது நல்லதுதான். அந்தக் கோட்டோடு நீ நிற்கிற போட்டோவை இத்தனை வருஷம் சுவரில் மாட்டி வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினேன். இப்போது திருப்பி மாட்டியிருக்கிறேன். பின்பக்க அட்டை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

கல்யாணச் சேதிக்கு வருகிறேன். தையில் புஷ்பலதா கல்யாணத்துக்குத் தாய்மாமனாக வந்து நிற்பேன், பட்டம் கட்டுவேன், மாலை போடுவேன், அதை வீடியோ எடுத்து ரேடியோக்காரர்களுக்குக் காட்டுவேன் என்று டிக்கெட் போட்டு வைத்திருக்கிறாயாம். பத்திரிகை அடிக்கப் போன வாரம் லத்தாவில் இருக்கிற அச்சாபீசுக்கு நானே போனேன். வாசகம் முழுக்க என் கையால் எழுதிக் கொடுத்தேன். தாய்மாமன் என்கிற இடத்தில் முகைதீன் என்று எழுதினேன். அச்சாபீஸ்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஐயா, பெயர் மாறிவிட்டதே என்றார். மாறவில்லை, மாற்றியிருக்கிறோம் என்றேன். வாழ்நாளில் நான் முதன்முதலில் அச்சுக்கு எழுதின எழுத்து அதுதான். கோவில் குருக்கள் இது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார், பிள்ளையைக் காப்பாற்றினவனைத் தவிர வேறு மாமன் இருந்தால் நீங்களே கூட்டிவாருங்கள் என்றேன். புஷ்பலதாவைக் கேட்டேன், முகைதீன் மாமாவே போடட்டும் தாத்தா என்றாள். முகைதீன்தான் இரண்டு நாள் அழுதான். பிறகு, மாமா, எனக்கு வேட்டி நிற்காது, பெல்ட் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான்.

பத்திரிகை ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். அது அழைப்பு இல்லை, நீ பார்ப்பதற்காக. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. வந்தாயானால் பந்தியில் இலை போடுவோம், யார் வந்தாலும் போடுவோம், மேடையில் உனக்கு இடமில்லை. மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், அவர்கள் தீர்க்காயுசாக இருக்கட்டும். உன் தொண்டையும் நன்றாக இருக்கட்டும், அதை வைத்துத்தானே பிழைக்கிறாய். மிளகுப் பால் குடி.

இங்கே தபாலைப் பிரித்துப் பார்ப்பார்கள், அதனால் இந்தக் கடிதத்தை டீச்சர் மகள் ரெபேக்கா சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்த் தபாலில் போடுவாள். அடுத்த வாரமும் எழுதுவேன், டீச்சர் இன்னும் வேகமாக எழுதக் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டுத்தான் பேனா எடுப்பேன். பிரேம்நாத் பெயர் உன் வாயில் வராவிட்டால் அந்தக் கடிதம் உனக்கு வரும். பெயர் வந்தால், தண்ணீர்த் தொட்டிக் கதையோடு உன் நேயர்களுக்குப் போகும்.

இப்படிக்கு
உன் அப்பா
கருப்பையா